இதைப் படித்தாயா?

சிபாரிசு என்ற சொல்லுக்கு நம் ஊரில் அவ்வளவு நல்ல பெயர் கிடையாது. "அவனுக்கு உத்தியோகம் கிடைத்ததெல்லாம் சிபாரிசினால்தான்" என்று யாராவது சொன்னால், கேட்கிறவர் உதட்டைப் பிதுக்கிக் கொள்கிறார். ஆனால் பணமும் பதவியும் சம்பந்தப்படாத சிபாரிசு ஒன்று உண்டு. அது மாடிப்படியில் நடக்கிறது. கோவில் பிராகாரத்தில் நடக்கிறது. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது நடக்கிறது. "அந்தப் புத்தகத்தைப் படித்தாயா?" "அவர் பாடின தோடியைக் கேட்டாயோ?" "மாமி, இந்தக் குக்கர் வாங்கினேன், பருப்பு எப்படிக் குழைகிறது தெரியுமா?" இந்த மாதிரி சிபாரிசுகளால் யாருக்கும் கமிஷன் கிடையாது. சொல்லாவிட்டால் சொல்கிறவருக்குத் தூக்கம் வராது; அவ்வளவுதான் காரணம்.

சின்ன விஷயம் என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. வீட்டு வேலையெல்லாம் ஒருவாறு ஓய்ந்து, பிற்பகலில் கிடைக்கிற ஒரு மணி நேரம் இருக்கிறதே, அதற்கு விலை என்ன? காரியாலயம் போகிற பெண்களுக்கு அந்த ஒரு மணியும் கிடையாது. ரயிலிலே ஜன்னல் ஓரம் கிடைத்தால் அரை மணி. அந்த அரை மணியை ஒருவர் பேச்சை நம்பி ஒரு புத்தகத்துக்குக் கொடுக்கிறோம். புத்தகம் நன்றாக இருந்தால், சொன்னவரை மனத்துக்குள் வாழ்த்துகிறோம். இல்லாவிட்டால் புத்தகத்தின் மேல் கோபம் வருவதில்லை. சொன்னவர் மேல்தான் வருகிறது! ஆகவே சிபாரிசு செய்கிறவர் தம் வாக்கையே அடகு வைக்கிறார் என்று சொல்ல வேண்டும்.

ஒரு முனிசீபின் கேள்வி

தமிழ் நாட்டில் நடந்த மிகப் பெரிய சிபாரிசு எது என்று கேட்டால், 1880-ஆம் வருஷம் கும்பகோணத்தில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். உ.வே. சாமிநாதையருக்கு அப்போது 25 வயது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் என்பதால் ஊரில் நல்ல மதிப்பு. அவ்வூருக்கு முனிசீபாக வந்திருந்தார் சேலம் ராமசாமி முதலியார். இளம் ஆசிரியர் அவரைப் பார்க்கப் போனார்.

முதலியார் விழுந்து விழுந்து உபசாரம் செய்யவில்லை. யாரிடம் படித்தீர்கள், என்னென்ன படித்தீர்கள் என்று கேட்டார். ஐயரும் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, புராணம் என்று அடுக்கிக்கொண்டே போனார். மலைக்க வைக்கிற பட்டியல்தான். முதலியாரோ அசையவில்லை. இவையெல்லாம் பிற்காலத்து நூல்கள் ஆயிற்றே. இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை இவற்றைப் பார்த்ததுண்டா என்று விசாரித்தார். ஐயர் பார்த்ததில்லை. அவர் மட்டும் என்ன? அந்தக் காலத்தில் அவற்றை முழுவதும் பாடம் சொல்லக்கூடிய ஆள் அகப்படுவதே அரிது. புத்தகம் கிடைத்தால் படித்துப் பார்க்கிறேன் என்று ஐயர் சொன்னார். முதலியார் அதோடு விட்டாரா? சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கையிலேயே கொடுத்துவிட்டார்.

பின்னால் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஐயர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். கும்பகோணத்துச் சமணர்கள் பரம்பரையாகச் சிந்தாமணியைப் படித்து வந்தார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய் ஐயங்களைத் தீர்த்துக்கொண்டார். 1887-இல் சீவகசிந்தாமணி அச்சில் வந்தது. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. இன்று நம் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் கண்ணகி கதையை ஒப்பிக்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் ஒரு முனிசீபின் கேள்வியும் நிற்கிறது.

இந்தச் சம்பவத்தை ஐயரே தம் 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வாராவாரம் வந்து, 1950-இல் புத்தகமாயிற்று. பெரிய புத்தகம், பார்த்தாலே கை வலிக்கும். ஆனால் மத்தியானத்துக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால், தொடர்கதை மாதிரியே ஓடும். தொடராக எழுதப்பட்டதுதானே! இந்த வாரத்துக்கு நமது முதல் சிபாரிசு அதுவே.

கைப்பேசி சொல்லும் சிபாரிசு

"இந்தக் காலத்தில் சிபாரிசுக்கு மனுஷர் எதற்கு? கைப்பேசியே சொல்லிவிடுகிறதே!" என்று உங்கள் பிள்ளை கேட்கலாம். வாஸ்தவம். அது ஓயாமல் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. நேற்று நீங்கள் வத்தக் குழம்பு செய்கிற விதத்தை ஒரு தடவை பார்த்தீர்கள் என்றால், இன்று காலையில் பதினேழு வத்தக் குழம்பு வரிசையில் வந்து நிற்கிறது. நாளைக்கு மணத்தக்காளி வத்தல் விற்கிறவரும் வந்துவிடுவார்.

அந்த யந்திரத்தைத் திட்ட வேண்டியதில்லை. நாம் எதைப் பார்த்தோம், எவ்வளவு நேரம் பார்த்தோம், நம்மைப் போல் பார்த்தவர்கள் அடுத்தாற்போல் எதைப் பார்த்தார்கள் என்று கணக்குப் போட்டு, அதே ஜாதியில் இன்னொன்றை எடுத்து நீட்டுகிறது. அதனால் சில சமயம் அபூர்வமான பாட்டுக்கூட அகப்படுவதுண்டு. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். 1880-இல் ஐயர் சொன்ன பட்டியலை அந்த யந்திரத்திடம் கொடுத்திருந்தால் என்ன செய்திருக்கும்? "அந்தாதி பிடிக்குமா? இதோ இன்னும் ஐம்பது அந்தாதி!" என்று கொண்டு வந்து கொட்டியிருக்கும். முதலியார் பட்டியலில் இருந்ததைப் பார்க்கவில்லை, இல்லாததைப் பார்த்தார். "இதைப் படித்த உமக்கு அதைப் படிக்கிற சக்தி உண்டு; ஏன் இன்னும் படிக்கவில்லை?" என்ற அக்கறை அந்தக் கேள்விக்குள் இருந்தது. கொஞ்சம் உறைக்கத்தான் உறைத்தது. ஆனால் உறைத்ததனால்தான் வேலை நடந்தது.

நம்மை அறிந்த ஒருவர் செய்கிற சிபாரிசுக்கும் மற்ற சிபாரிசுக்கும் இதுதான் வித்தியாசம்.

ருசி காட்டினவர்

எல்லோரும் முதலியாரைப் போல் உறைக்கக் கேட்க முடியுமா? வீட்டிலே ஓரகத்தியிடம் அப்படிக் கேட்டால் மறு வேளை காப்பி கிடைக்காது! இன்னொரு வழி இருக்கிறது. அது ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் கையாண்ட வழி.

1920-களில், திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவருடைய வீட்டு முற்றத்தில் நண்பர்கள் கூடுவார்கள். முற்றம் வட்டமாக இருந்ததனால் அந்தச் சபைக்கு 'வட்டத்தொட்டி' என்றே பெயர் வந்துவிட்டது. தலைவர், காரியதரிசி, வரவேற்புரை, நன்றியுரை எதுவும் கிடையாது. ஒரு பாட்டை எடுப்பார். கம்பன் பாட்டாக இருக்கலாம். யாரோ பேர் தெரியாத புலவரின் தனிப்பாடலாகவும் இருக்கலாம். ஒரு தரம் சொல்வார், நிறுத்திச் சொல்வார், மறுபடியும் சொல்வார். சபையில் இருந்தவர்களுக்கு அந்தப் பாட்டு அன்றுதான் பிறந்தது போல் தோன்றும். தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி எஸ். மகராஜன் போன்றவர்கள் அவரிடம் ரசனை கற்றவர்கள். பிற்காலத்தில் அவர் குற்றாலத்தில் வசித்தபோது ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடிக்கொண்டு போனார்கள்.

"கம்பராமாயணத்தைப் படியுங்கள்" என்று சொன்னால் யார் படிப்பார்கள்? பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டு. கேட்டவுடனே அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்துவிடும். டி.கே.சி. அப்படிச் சொல்லவில்லை. ஒரு பாட்டைக் கையில் கொடுத்தார். சமையலறையில் ரசத்தை உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, "உப்புச் சரியா பார்" என்கிறோமே, அதே முறைதான்.

பிரசங்கங்களை மற்றவர்களுக்குச் சொல்லும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இன்று உபந்யாசங்களும் இலக்கியப் பேச்சுகளும் கைப்பேசியில் கணக்கில்லாமல் கிடைக்கின்றன. இரண்டு மணி நேரப் பேச்சை அப்படியே அனுப்பி, "கேட்டுப் பார், பிரமாதம்" என்றால், அது உபகாரமா, உபத்திரவமா? "ஐம்பதாவது நிமிஷத்திலிருந்து பத்து நிமிஷம் கேள். குகன் வருகிற இடம். உன் ஞாபகம் வந்தது" என்று எழுதுங்கள். பத்து நிமிஷம் கேட்டவள், மீதியைத் தானே கேட்பாள்.

வெள்ளிக்கிழமைச் சங்கீதம்

சங்கீத விஷயத்தில் ருசி காட்டினால் மட்டும் போதாது; கேட்கிற முறையையும் சொல்ல வேண்டும். வீணை தனம்மாள் (1867-1938) சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். கொட்டகை கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. சின்ன அறையில் எழுகிற மெல்லிய நாதம். பெரிய பெரிய வித்துவான்கள் உள்பட வந்தவர்கள் எல்லோரும் மூச்சுக்கூடப் பலமாக விடாமல் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி உட்காரத் தெரிந்தவருக்குத்தான் அந்தச் சங்கீதம்.

அந்த வாசிப்பில் கொஞ்சம் 1930-களில் கொலம்பியா கம்பெனி எடுத்த இசைத்தட்டுகளில் நமக்கு மிஞ்சியிருக்கிறது. பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான் இடம். மணிக்கணக்கில் விரிகிற கலையை மூன்று நிமிஷத்துக்குள் மடக்கி வைத்திருக்கிறது. இப்போது அவற்றை வீட்டிலிருந்தபடியே கேட்கலாம். ஆனால் மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டால் இரைச்சல்தான் கேட்கும். "பழைய தட்டு, கரகரவென்று இருக்கும். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு தரம் கேள்" என்று சொல்லிக் கொடுத்தால், அதுவே சிபாரிசு. குறையையும் சொல்லிவிட்டீர்கள், நேரத்தையும் சொல்லிவிட்டீர்கள். கேட்கிறவள் ஏமாற மாட்டாள்.

தனம்மாள் வீட்டுச் சங்கீதம் வீட்டோடு நின்றுவிடவில்லை. பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் பாட்டில் பெயர் பெற்றார்கள்; இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி பரத நாட்டியத்தில் உலகப் புகழ் அடைந்தார். எம்.எஸ். சுப்புலக்ஷ்மி, தாம் பெரும் புகழில் இருந்தபோதே, பிருந்தாவிடம் பதங்கள் பாடம் கேட்டார். நல்லது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் போய்க் கேட்பதற்குச் சங்கோஜப்படுவதில்லை. சிபாரிசு செய்வது ஒரு பண்பு என்றால், கேட்டு வாங்கிக்கொள்வது அதைவிடப் பெரிய பண்பு.

விருந்து வைத்து விற்ற பாத்திரம்

இனி அடுப்பங்கரைக்கு வருவோம். பிரஷர் குக்கரின் பாட்டனார் யார் தெரியுமா? டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர். 1679-இல் அவர் ஆவியை அடக்கிச் சமைக்கும் இரும்புப் பாத்திரம் ஒன்றைச் செய்தார். லண்டனிலே ராயல் சொஸைட்டி என்ற விஞ்ஞான சபையைச் சேர்ந்தவர்களுக்கு அதைப் பற்றி வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. 1682 ஏப்ரலில் அதிலேயே சமைத்து விருந்து வைத்துவிட்டார்! விருந்துண்டவர்களில் ஒருவரான ஜான் ஈவ்லின், கெட்டியான எலும்புகூட பாலாடைக் கட்டி போல் மிருதுவாகிவிட்டது என்று தம் நாட்குறிப்பில் வியந்து எழுதி வைத்திருக்கிறார். (சைவ வாசகிகள் மன்னிக்க வேண்டும். நம் வீட்டில் அது துவரம் பருப்பு.) ஆவி அளவுக்கு மீறிப் போனால் பாத்திரம் வெடிக்குமே என்பதும் பாப்பினுக்குத் தெரிந்திருந்தது. அதற்காக அவர் அமைத்த பாதுகாப்பு மூடிதான், இன்று நம் குக்கரின் தலையில் உட்கார்ந்து விசில் அடிக்கிற குண்டுக்கு மூதாதை.

புதிய சாமானைச் சிபாரிசு செய்கிறவர்கள் பாப்பினிடம் பாடம் கற்க வேண்டும். சமைத்துப் போடு, அபாயத்தையும் சொல்லு. இன்னொன்றும் உண்டு: யாருக்குச் சொல்கிறோம் என்று பார். சென்னையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. உதகமண்டலத்தில் காற்றின் அழுத்தம் குறைவு. ஆகையால் சுமார் 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். பார்ப்பதற்குக் கொதிக்கிறதே தவிர, பருப்பு சீக்கிரம் வேகாது. குக்கருக்குள்ளோ சூடு சுமார் 120 டிகிரி வரை ஏறுகிறது. ஆகவே சென்னை நாத்தனாருக்குக் குக்கர் ஒரு சௌகரியம். ஊட்டி நாத்தனாருக்கு அது அவசியம். சாமான் ஒன்றுதான், சிபாரிசு வேறு. தனியாக இருக்கிற பெரியவருக்குப் பத்துப் பேர் குடும்பத்துக்கு ஆகிற கிரைண்டரைச் சொன்னால், அதைக் கழுவுவதற்கே அவருக்கு ஓர் ஆள் வேண்டும்!

பாட்டி மறுபடியும் படிக்கட்டும்

இப்போது சொல்லப் போவதுதான் இந்த நாலு சிபாரிசுகளில் முக்கியமானது. எத்தனையோ வீடுகளில் பாட்டி படிப்பதை நிறுத்திவிட்டாள். ஒரு காலத்தில், 1950-லிருந்து 1954 வரை 'கல்கி'யில் வந்த பொன்னியின் செல்வனை, மணியம் படங்களோடு கிழித்துச் சேர்த்து, பைண்டு பண்ணி, தெருவெல்லாம் கொடுத்து வாங்கின தலைமுறையைச் சேர்ந்தவள் அவள். கண்ணில் புரை வந்தது, எழுத்து மங்கிற்று, கேட்டால், "போதும், எவ்வளவோ படித்தாயிற்று" என்கிறாள். போதவில்லை என்பது அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

முதலில் கண் வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். அடுத்தபடி, உங்கள் கைப்பேசியை எடுங்கள். அதில் எழுத்தை இரண்டு பங்கு, மூன்று பங்கு பெரிதாக்க முடியும். தமிழ் எழுத்தை வாய்விட்டுப் படிக்கவும் அதற்குத் தெரியும். குரலில் அவ்வளவு ரசம் இராது, ஆனாலும் சொல் புரியும். படிப்பதற்குப் புத்தகமா? 1998-ஆம் வருஷம் பொங்கல் தினத்தன்று 'மதுரைத் திட்டம்' என்று ஒன்று ஆரம்பித்தார்கள். தேசம் தேசமாக இருக்கிற தமிழர்கள் சம்பளம் இல்லாமல் பழைய தமிழ் நூல்களைத் தட்டெழுதி, சரி பார்த்து, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். திருக்குறளிலிருந்து இருபதாம் நூற்றாண்டுக் கதைகள் வரையில் அதில் இருக்கின்றன.

"பாட்டி, இதிலே எல்லாம் இருக்கிறது" என்று கைப்பேசியை அவள் மடியில் வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தைப் பெரிதாக்கி, முதல் பக்கத்தை நீங்கள் படித்துக் காட்டி, எங்கே தொட வேண்டும் என்று மூன்று நாள் சொல்லிக் கொடுங்கள். நாலாம் நாள் அவள் உங்களைக் கூப்பிட மாட்டாள். முதலியார் கையெழுத்துப் பிரதியைக் கையில் கொடுத்தாரே, இந்தக் காலத்தில் அதற்குச் சமானம் இதுதான்.

சில மரியாதைகள்

சிபாரிசுக்கும் சில மரியாதைகள் உண்டு. முதலில் கேளுங்கள், பிறகு சொல்லுங்கள். முதலியார் ஆரம்பித்ததே "என்ன படித்தீர்கள்?" என்றுதான். ஒரு தடவைக்கு ஒன்றுக்கு மேல் சொல்லாதீர்கள். பத்துப் பெயர் சொன்னால் ஒன்றுகூட மனத்தில் நிற்காது. கதையின் முடிவைச் சொல்லிவிடாதீர்கள். அது திருட்டுக்குச் சமானம். கொடுத்த மறுநாளே, "படித்தாயா? எந்தப் பக்கம்?" என்று கடன்காரர் போல் வாசலில் நிற்காதீர்கள். முக்கியமாக, "எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்வதற்கு அவளுக்கு இடம் வையுங்கள். சிநேகிதிக்குப் பிடிக்காத புத்தகம் எது என்று தெரிந்துகொண்டால், அடுத்த சிபாரிசு சரியாக அமையும்.

நல்ல புத்தகம் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க ஒரே வழிதான் இருக்கிறது. கொடுத்தவரிடம் போய், "படித்தேன்" என்று சொல்ல வேண்டும். பிறகு அதை இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும். சேலம் ராமசாமி முதலியார் 1892-இல் காலமானார். அதற்கு ஐந்து வருஷம் முன்பே சிந்தாமணி அச்சாகி வந்துவிட்டது. தாம் கேட்ட ஒரு கேள்விக்கு, புத்தக ரூபத்தில் பதில் வந்ததை அவர் கண்ணால் பார்த்தார். சிபாரிசு செய்கிறவருக்கு அதைவிட வேறு என்ன கமிஷன் வேண்டும்?

இந்த வாரம் நீங்களும் ஒருவருக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்களேன்!